பதில் சொல்லாத அரசு: இலங்கையில் நம்பிக்கை உடைந்த வரலாறு

2023 நவம்பர் 14ஆம் திகதி இலங்கையின் அதியுயர் நீதிபீடமான உயர் நீதிமன்றம், நாட்டை ஆண்ட மூன்று சகோதரர்களைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கியது. முன்னாள் ஜனாதிபதிகள் கோட்டாபய ராஜபக்ஷ, மகிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதி அமைச்சர் பசில் ராஜபக்ஷ ஆகியோர் நாட்டின் பொருளாதாரச் சரிவுக்குக் காரணமாகி, மக்கள் தம்மிடம் ஒப்படைத்த நம்பிக்கையை மீறிவிட்டார்கள் என்பது தீர்ப்பு. மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் திறைசேரியின் முன்னாள் செயலாளரும் ஜனாதிபதியின் செயலாளராக இருந்தவரும் அதே பட்டியலில் இருந்தார்கள். ஐந்து நீதிபதிகளில் நால்வர் இப்படித் தீர்த்தனர், ஒருவர் மாறுபட்டார். மனுதாரர்கள் இழப்பீடு எதுவும் கேட்டிருக்கவில்லை. வழக்குச் செலவாக 150,000 ரூபா செலுத்தும்படி உத்தரவானது. எவரும் சிறைக்குப் போகவில்லை.

ஒரு நாட்டைக் கடனடைக்க முடியாத நிலைக்குத் தள்ளியவர்களுக்கு இவ்வளவுதானா என்று அன்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தீர்ப்பின் கனம் தொகையில் இல்லை. ஆள்பவர்களின் அதிகாரம் அவர்களுடைய சொத்து இல்லை, மக்கள் அவர்களிடம் பொறுப்பாக ஒப்படைத்தது என்ற கோட்பாட்டை இலங்கை நீதிமன்றங்கள் கால் நூற்றாண்டாகச் சிறுகச் சிறுக வளர்த்து வந்திருக்கின்றன. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலைப் பொஸ்பேட் படிவத்தை வெளிநாட்டுக் கம்பனி ஒன்றிடம் ஒப்படைக்கும் திட்டத்தை நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தடுத்தது. பொதுத் தேவைக்கென அரசு எடுத்த காணி கொல்ஃப் மைதானமாக மாறிய 'வோட்டர்ஸ் எட்ஜ்' வழக்கில், முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்று 2008இல் தீர்ப்பானது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உத்தரவானது. அந்தத் தாக்குதலில் இறந்தவர்கள் 260 பேருக்கும் அதிகம். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்களில் பலர் தமிழர்கள்.

இலங்கையில் அரசின் மீதான நம்பிக்கை எப்போது உடைந்தது என்று கேட்டால் எல்லாரும் 2022 என்பார்கள். எரிபொருள் வரிசைகள், இருண்ட இரவுகள், ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தில் குதித்த இளைஞர்கள் என்று உலகம் பார்த்த காட்சிகள் அந்த ஆண்டுக்குரியவை. அது பாதி உண்மை. தீவின் ஒரு பகுதி மக்களுக்கு நம்பிக்கை அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே உடைந்துவிட்டது. மறு பகுதியினர் அதைக் கண்டும் பொருட்படுத்தவில்லை. அந்த அலட்சியத்தின் நிழலில் வளர்ந்த பழக்கங்கள்தான், யாருக்கும் பதில் சொல்லாமல் ஆளும் பழக்கங்கள்தான், 2022இல் தெற்கின் சமையலறை வரை வந்து சேர்ந்தன என்பது என் வாதம்.

சரிவு தொடங்கியது நம்பிக்கை குறைந்திருந்த காலத்தில் இல்லை, பொங்கி வழிந்த காலத்தில் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 2019 நவம்பரில் கோட்டாபய 52.25 வீத வாக்குகளோடு வென்றார். அடுத்த ஓகஸ்டில் அவருடைய பொதுஜன பெரமுன 225 ஆசனங்களில் 145ஐப் பிடித்தது. தோழமைக் கட்சிகளோடு சேர்ந்து மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைத்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலால் கலங்கியிருந்த சிங்கள வாக்காளர் பாதுகாப்பைக் கேட்டார்கள். 2015இல் 'நல்லாட்சி' என்று சொல்லிக்கொண்டு வந்த அரசு, வந்த இரண்டாவது மாதத்திலேயே மத்திய வங்கிப் பிணைமுறி மோசடியில் சிக்கி, பின்னர் ஜனாதிபதியும் பிரதமரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் சீரழிந்து போயிருந்தது. கேள்வி கேட்கும் நிறுவனங்களே தடை, உறுதியான ஒருவர் கையில் எல்லாவற்றையும் கொடுத்தால் நாடு நிமிரும் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. 2020 ஒக்டோபரில் நிறைவேறிய 20ஆவது திருத்தம் அந்த எண்ணத்தைச் சட்டமாக்கியது. சுயாதீன ஆணைக்குழுக்களுக்கான நியமனங்கள் மீண்டும் ஜனாதிபதியின் கைக்குப் போயின.

தடுக்க ஆளில்லாத அதிகாரம் என்ன செய்யும் என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. பதவியேற்ற சில நாள்களில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு பல வரிகள் நீக்கப்பட்டன. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் 2020இல் 8 வீதத்தளவுக்கு இறங்கியது. பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, கடன் தர நிர்ணய நிறுவனங்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கையின் தரத்தை இறக்கின. வெளிச்சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. 2021 மே மாதம், போதிய ஆய்வோ முன்னறிவிப்போ இன்றி இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி மூலம் தடை செய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாற முடியாது என்று விவசாய விஞ்ஞானிகள் சொன்னார்கள். வயலில் நிற்கும் எந்தக் கமக்காரரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகம் கையை விட்டுப் போயிருந்தது.

இக்காலத்தில் மக்கள் மனதில் என்ன நடந்தது என்பதைக் கருத்துக் கணிப்புகளைக் காட்டிலும் ஒரு கணக்குத் துல்லியமாகக் காட்டுகிறது. வெளிநாடுகளில் உழைக்கும் இலங்கையர் வங்கிகள் வழியே அனுப்பும் பணத்தின் கணக்கு அது. 2020இல் சுமார் 710 கோடி டொலர் வந்தது. 2021இல் அது 549 கோடியானது. 2022இல் 379 கோடிக்கு விழுந்தது. அனுப்பியவர்கள் உழைப்பை நிறுத்திவிடவில்லை. மத்திய வங்கி டொலரின் விலையை 200 ரூபாவுக்குச் சற்று மேல் மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. 'உண்டியல்' என்று ஊரில் சொல்லப்படும் வங்கிக்கு வெளியிலான வழியில் அனுப்பினால் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்திலும் கூலியாளாகக் கட்டாரிலும் வியர்வை சிந்திய பணத்தை, அரசு சொன்ன விலைக்குக் கொடுக்க எவரும் ஆயத்தமாக இல்லை. 2022இல் இதோடு கோபமும் சேர்ந்தது. இவர்கள் இறங்கும்வரை வங்கி வழியே பணம் அனுப்பமாட்டோம் என்று புலம்பெயர்ந்து உழைப்போர் பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆட்சி மாறி, நாணயம் சந்தை விலைக்கு வந்தபின் 2023இல் அதே கணக்கு 597 கோடியாக ஏறியது. வாக்குச்சீட்டு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் கைக்கு வருகிறது. இந்த வாக்கெடுப்பு மாதந்தோறும், சம்பள நாளில் நடந்தது.

2022 ஜனவரியில், பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்றபோது, 50 கோடி டொலர் பிணைமுறிக் கடனை அரசு தவறாமல் கட்டியது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் ஜூனில் நடத்திய கணிப்பில் அரசின் போக்கை ஏற்றுக்கொண்டவர்கள் 3 வீதம். ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். நான்கு நாள் கழித்து கோட்டாபய மாலைதீவுக்கு ஓடினார். பதவி விலகல் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது.

வடக்கு கிழக்கில் 2022இலும் எரிபொருளுக்கு வரிசை இருந்தது. ஆனால் 'அரகலய' எனப்பட்ட மக்கள் போராட்டத்தின் அலை கொழும்பைப் போல யாழ்ப்பாணத்தில் எழவில்லை. அங்குள்ளவர்களுக்கு அக்கறையில்லை என்று தெற்கில் சிலர் குறைபட்டார்கள். வன்னியில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின் கீழ் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்து வாழ்ந்த சனம் அது. அரசு தம்மைக் கைவிடும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கவில்லை.

இங்கே நம்பிக்கை உடைந்ததற்குத் திகதிகள் உண்டு. 1957 ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவும் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் பண்டாரநாயக்கவே அதைக் கைவிட்டார். 1965இல் டட்லி சேனநாயக்க செய்த ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, எவரும் தண்டிக்கப்படவில்லை. 1987இன் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொடுத்தது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஏட்டில் நின்றன. ஒப்பந்தம் எழுதுவதும் கிழிப்பதும் பின்னர் சர்வதேச அரங்குக்கும் பரவியது. 2015 ஒக்டோபரில் ஜெனீவாவில் போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறுவது பற்றிய ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை கொடுத்தது. 2020 பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

இவை எல்லாவற்றையும் விட ஆழமான காயம் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விடயம். ஒரு தாயின் நிலையிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் 1994இல் நிறுவப்பட்ட வலய ஆணைக்குழு முன் சாட்சி சொன்னார். பிறகு அகில இலங்கை ஆணைக்குழு. போர் முடிந்தபின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. 2013இல் பரணகம ஆணைக்குழு. அதற்கு மட்டும் ஏறத்தாழ 20,000 முறைப்பாடுகள். 2018இல் காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம். ஒவ்வொரு முறையும் அதே புகைப்படம், அதே திகதி, அதே கேள்விகள். சில குடும்பங்களுக்கு ஆடும் கோழியும் தையல் இயந்திரமும் தருவதாகச் சொன்னார்கள். மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மகன் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார்கள் அலுவலகங்களை நம்புவதை நிறுத்தியவர்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள்.

2009 மே மாதம் முல்லைத்தீவில் உறவினரின் கண்முன்னே இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் கதி என்ன என்று ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டன. பெயர்ப்பட்டியல் இருக்கிறது என்று இராணுவ உயர் அதிகாரி ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். பின்னர் கொடுக்கப்பட்டது புனர்வாழ்வு பெற்று விடுதலையானவர்களின் பட்டியல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊடகவியலாளர் ஒருவர் கேட்டபோது, விடுதலைப் புலிகள் தம்மிடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்று இராணுவம் 2019இல் பதில் எழுதியது. இந்த ஒரு வரியை வைத்தே இலங்கை அரசைப் பற்றி ஒரு நூல் எழுதலாம். கையில் வாங்கிய உயிருக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால், அரசின் ஓர் உறுப்பு மற்றதைக் கைகாட்டுகிறது.

சிங்களத் தாய்மாருக்கும் இந்த வலி தெரியும். 1987-89 ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு அடக்கியபோது தெற்கில் பல்லாயிரம் இளைஞர்கள் காணாமல் போனார்கள். மாத்தறையில் அன்னையர் முன்னணி உருவானது. 1990 செப்டெம்பரில், எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் காணாமல் போனோரின் விவரங்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் புறப்பட்டார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிசார் அந்த ஆவணங்களைப் பறித்தார்கள். அந்த உறுப்பினரின் பெயர் மகிந்த ராஜபக்ஷ. பின்னர் அவரே ஜனாதிபதியானபோது அதே ஜெனீவாவுக்குப் போன தமிழ்த் தாய்மாரைத் துரோகிகளின் கூட்டமாக அவருடைய ஆதரவாளர்கள் சித்திரித்தார்கள். 2020 ஜனவரியில் அவருடைய தம்பி கோட்டாபய, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். எப்படி இறந்தார்கள், யார் கொன்றது, உடல் எங்கே? அவை அந்த உரையாடலில் இல்லை.

எதிர்க்கட்சியில் இருக்கும்போது கேள்வி கேட்பவர் ஆட்சிக்கு வந்ததும் கேள்வியையே குற்றமாக்குவது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் என்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே அதைச் செய்ய வசதியான கருவி ஒன்று சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமானது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் கீழ் தமிழ் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றி அடைபட்டபோது தெற்கில் எழுந்த குரல்கள் சில. 2022 ஓகஸ்டில் அதே சட்டத்தின் கீழ் பல்கலைக்கழக மாணவர் தலைவர் வசந்த முதலிகே தடுத்து வைக்கப்பட்டார். அவர் சிங்களவர், அரகலயவின் முன்னணியில் நின்றவர். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. வடக்குக்கென்று வாங்கிய விலங்கு தெற்கின் கைக்கும் பொருந்தும் என்று தெரிய 43 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆனாலும் அரகலய நடந்த காலிமுகத்திடலில் ஏதோ ஒன்று அசைந்தது. 2020 சுதந்திர தின விழாவில் கைவிடப்பட்ட தமிழ்த் தேசிய கீதத்தை அங்கு பாடினார்கள். 2022 மே 18ஆம் திகதி, போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து அங்கே கஞ்சி பரிமாறப்பட்டது. கொழும்பின் நடுவில், சிங்கள இளைஞர்கள் கையில் அந்தக் கஞ்சி இருந்தது. இதைப் பெரிதுபடுத்தவும் கூடாது. கூட்டத்தில் எல்லாரும் அதை விரும்பவில்லை. அப்படியிருந்தும், தம்மை ஏமாற்றிய அரசு முன்பு வேறு சிலரையும் ஏமாற்றியிருக்குமோ என்ற சந்தேகம் தெற்கில் பொது இடத்தில் எழுந்த நாள் அது.

2024இல் தேசிய மக்கள் சக்தி ஆட்சிக்கு வந்தது. 2019இல் 3 வீதத்தைச் சற்றே தாண்டிய அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பர் பொதுத் தேர்தலில் அவருடைய அணி 159 ஆசனங்களை வென்றது. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பிடித்து ஆறில் மூன்று ஆசனங்களை எடுத்தது பலரையும் வியக்க வைத்தது. வடக்கு மீண்டும் கொழும்பை நம்பிவிட்டது என்று எழுதினார்கள். அது அவசர முடிவு. தமிழ்க் கட்சிகளின் உட்சண்டையில் சலித்த வாக்காளர் பழைய முகங்களைத் தண்டித்தார்கள். ஊழலற்ற நிர்வாகம் ஒன்று தம் ஊருக்கும் கிடைக்குமா என்று பார்த்தார்கள். ஆறு மாதம் ஆவதற்குள், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில், தமிழரசுக் கட்சி வடக்கில் மீண்டு எழுந்தது. ஆளும் அணியின் மையமான ஜே.வி.பி.யினர் தொடுத்த வழக்கில்தான் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்று 2006இல் தீர்ப்பானது என்பதை அந்த வாக்காளர் மறக்கவில்லை. தன் தோழர்களையே ஆயிரக்கணக்கில் காணாமல் ஆக்கப்பட்டோராக இழந்த கட்சி இது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் எதிர்பார்ப்பும் சேர்ந்தே இருக்கிறது.

வெரிட்டே ரிசேர்ச்சின் 2025 பெப்ரவரிக் கணிப்பில் அரசை ஏற்றுக்கொண்டவர்கள் 62 வீதம். இத்தகைய எண்கள் உயர்வதை நம்பிக்கை மீண்டதற்கு அடையாளமாகக் கொள்வது ஆபத்தானது. 2020இலும் எண்கள் உயரத்தான் இருந்தன. அரசிடம் ஒரு குடிமகன் கேட்டது கிடைத்ததா, கேட்டவருக்குப் பதில் வந்ததா, தவறியவர் பொறுப்பேற்றாரா என்பவைதான் அளக்க வேண்டியவை. அவற்றைக் கருத்துக் கணிப்பு கேட்பதில்லை. நீதிமன்றப் பதிவேடுகளிலும் வர்த்தமானியிலும்தான் தேட வேண்டும்.

அங்கே தேடினால் படம் கலவையானது. உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று 2023இல் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது, தேர்தல் நடந்தது. இது முன்னேற்றம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றவர்களின் ஆட்சியில், 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக ஒரு முஸ்லிம் இளைஞர் அதே சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார். யாழ்ப்பாணத்தின் செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டதாக மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் ஒருவர் 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு 15 உடல்கள் எடுக்கப்பட்டன; வழக்கு முடங்கியது. 2025இல் அதே பகுதியில் மயானக் கட்டுமான வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. தொடர்ந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. குழந்தைகளுடையவையும் அவற்றில் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் கண்டுபிடிக்க மரபணுப் பரிசோதனை வேண்டும், அந்தக் காலத்தில் அங்கு கடமையில் இருந்த படைப்பிரிவுகளின் பதிவேடுகள் வேண்டும், அவற்றைக் கேட்டு வாங்கும் அதிகாரம் உள்ள சுயாதீன வழக்குத் தொடுநர் வேண்டும்.

இதைவிட எளிய காரியம் ஒன்றும் கிடப்பில் இருக்கிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025இலும் அதற்குத் தேர்தல் இல்லை. எல்லை மீள்நிர்ணயம் தொடர்பாக 2017இல் செய்த சட்டத் திருத்தம் சிக்கிக்கொண்டதே காரணம் என்கிறார்கள். பழைய முறையிலேயே தேர்தல் நடத்த ஒரு சிறு திருத்தம் போதும், அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பணமும் வேண்டாம், வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம், அரசியலமைப்பை மாற்றவும் வேண்டாம். மூன்றில் இரண்டு பலத்தோடு இருக்கும் அரசு அதைச் செய்யாமல் விட்டால், ஏன் செய்யவில்லை என்று வடக்கின் வாக்காளர் கேட்பார்கள். இம்முறை அந்தக் கேள்வியைத் தெற்கின் வாக்காளரும் சேர்ந்து கேட்க வேண்டும், ஏனென்றால் ஒன்பது மாகாண சபைகளும் அதே நிலையில்தான் கிடக்கின்றன.